ஒரு துளி ரத்தம், ஒரு மைக்ராஸ்கோப்: நீலகிரியில் இருந்து லேப் படிக்க நினைக்கிறீங்களா?

ப்ளஸ் டூ-வில் பயாலஜி எடுத்தாச்சு. நீட் எழுதும் எண்ணம் இல்லை, இல்லைன்னா எழுதியும் சீட் கிடைக்கலை. வீட்டில் ஒரு பக்கம் 'நர்ஸிங் சேரு' என்கிறார்கள். இன்னொரு பக்கம் 'கோயம்புத்தூர் போய் ஏதாவது டிகிரி படி' என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் லேப் படிப்பு என்று ஒன்று இருக்கிறது. 'ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலைதானே' என்று நினைத்து நிறைய பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ரத்தம் எடுப்பது அந்த வேலையில் முதல் அஞ்சு நிமிஷம்தான். அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. எடுத்த ரத்தத்தில், சளியில், கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய நீரில் இருக்கும் செல்களைப் பார்ப்பது, எண்ணுவது, 'இது சரியில்லை' என்று பிரித்துக் காட்டுவது. டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு லேப் ரிப்போர்ட் இருக்கும். அதைத் தயார் செய்தவரை நோயாளி அநேகமாகப் பார்த்திருக்கவே மாட்டார்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒரு தனிக் காரணம் உண்டு.

1952: உலகம் திரும்பிப் பார்த்த நீலகிரி ரத்தம்

நம்முடைய சிவப்பணு நடுவில் கொஞ்சம் குழிந்த வட்டமான தட்டு மாதிரி இருக்கும். குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். சிலருக்கு இந்தச் செல், ஆக்ஸிஜன் குறையும்போது வளைந்து, அரிவாள் மாதிரி ஆகிவிடும். கவாத்துக் கத்தியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வடிவத்தை விளக்கவே வேண்டாம். வளைந்த செல்கள் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களில் மாட்டிக்கொள்ளும். எலும்பைப் பிடுங்குவது போல வலி, அடிக்கடி ரத்தசோகை, மஞ்சள் காமாலை, தொற்றுகள். சாதாரண சிவப்பணு 120 நாள் வரை வாழும். இந்தச் செல் 10 முதல் 20 நாளிலேயே உடைந்துபோகும். இதுதான் சிக்கிள் செல் அனீமியா, தமிழில் அரிவாள் செல் ரத்தசோகை.

இந்த வளைந்த செல்களை முதன்முதலில் மருத்துவ இதழில் எழுதியவர் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், 1910-ல். அதற்குப் பிறகு ரொம்ப காலம் இது ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மட்டுமே வரும் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, இங்கேயும் அந்த மரபணு இருக்கிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதே ஆண்டு மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இந்த நோய் இருப்பதாக இன்னொரு கட்டுரை வந்தது. இந்தியாவில் சிக்கிள் செல்லின் கதை மலையிலும் தேயிலைத் தோட்டத்திலும்தான் தொடங்கியது என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டில் 'குறிப்பாகப் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடியினர்' என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே நீலகிரியில் வாழ்கிறார்கள். இதில் எல்லோரிடமும் ஒரே அளவில் சிக்கிள் செல் இல்லை. இருளர், குறும்பர், பணியர் சமூகங்களில் அதிகம் பேசப்படுகிறது. மலேரியா பரவலாக இருந்த பகுதிகளில் இந்த மரபணுவை ஒரு பங்கு மட்டும் சுமந்தவர்கள் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பினார்கள், அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அது தங்கிவிட்டது என்பது அறிவியல் தரும் விளக்கம். ஆகவே இதில் யாருடைய தப்பும் கிடையாது, சாபமும் கிடையாது.

கோத்தகிரியில் 1958-ல் டாக்டர் எஸ்.நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் 1990-லிருந்து ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பும் இந்த நோயில் நீண்ட நாளாக வேலை செய்கின்றன. கூடலூரில் ஆதிவாசிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸாக்கினார்கள். தன் மொழி பேசும் ஒருவர் வார்டில் இருந்தால் ஆஸ்பத்திரி பயம் எவ்வளவு குறையும் என்பது கிராமத்திலிருந்து வந்த எவருக்கும் தெரியும். லேப் பக்கமும் அதே தேவைதான். 2023 ஜூலை 1-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தின் இலக்கு, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது. அத்தனை ரத்தத்தையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டுமே!

'பாசிட்டிவ்' என்று எழுதுவதற்கு முன்னால்

லேப் வேலையில் எது பெரிய விஷயம் என்று புரிய, இந்த ஒரு டெஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம்.

முகாமில் வழக்கமாக முதலில் செய்வது 'சாலுபிலிட்டி டெஸ்ட்'. ஒரு சின்ன டியூபில் சோடியம் டைதயோனைட் கலந்த கரைசல், அதில் சில துளி ரத்தம். டியூபுக்குப் பின்னால் கோடு போட்ட அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். கோடு தெளிவாகத் தெரிந்தால் நெகட்டிவ். கலங்கலாகி கோடு மறைந்தால் பாசிட்டிவ். விலை குறைவு, சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இந்த பாசிட்டிவுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் மரபணு வந்திருந்தால் அவர் நோயாளி. ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அவர் 'கேரியர்'. கேரியருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது, எஸ்டேட் வேலை செய்யலாம், எல்லாரையும் போல வாழலாம். இந்த இரண்டு பேரையும் சாலுபிலிட்டி டெஸ்ட் பிரித்துக் காட்டாது. ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கும், ரத்தம் ரொம்பக் குறைந்திருப்பவருக்கும் நோய் இருந்தும்கூட நெகட்டிவ் காட்டலாம். அதனால் பாசிட்டிவ் வந்தால் அடுத்து எலக்ட்ரோபோரெசிஸ் அல்லது ஹெச்.பி.எல்.சி. செய்து, எந்த ஹீமோகுளோபின் எத்தனை சதவிகிதம் என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். தலசீமியா மரபணுவும் சேர்ந்திருந்தால் அதுவும் அங்கேதான் பிடிபடும்.

இதை விட்டுவிட்டு, முதல் டெஸ்ட்டோடு 'சிக்கிள் பாசிட்டிவ்' என்று ஒரு பெண்ணின் கையில் சீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஊருக்கே அவள் 'நோய்க்காரி' ஆவாள். பேசி முடித்த கல்யாணம் நின்றுபோகலாம். உண்மையில் அவள் கேரியராக இருந்து, கட்டிக்கொள்பவருக்கு மரபணு இல்லை என்றால், பிள்ளைகளுக்கு நோய் வராது. அதிகபட்சம் கேரியராகப் பிறக்கலாம். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த வித்தியாசத்தைப் புரியவைத்து கவுன்சலிங் கொடுப்பது டாக்டரும் ஆலோசகரும். ஆனால் அவர்களுக்குச் சரியான ரிசல்ட் போய்ச் சேருவது உங்கள் கையில்.

கைவேலை... நிஜமாகவே கைவேலை

லேப் என்றாலே மெஷின் என்று நினைக்காதீர்கள். முதல் செமஸ்டரில் உங்களைப் பாடாய்ப் படுத்தப் போவது ஒரு கண்ணாடித் துண்டு. ஸ்லைடின் ஓரத்தில் சின்னதாக ஒரு துளி ரத்தம். இன்னொரு ஸ்லைடை சுமார் 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்து, துளியைத் தொட்டு, ஒரே இழுப்பில் முன்னால் தள்ள வேண்டும். நன்றாக வந்தால் நாக்கு வடிவத்தில், போகப் போக மெலிந்து, நுனியில் இறகு மாதிரி முடியும். அந்த நுனிக்குச் சற்று முன்னால்தான் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். பயந்து பயந்து இழுத்தால் படி படியாக வரும். துளி பெரிசானால் நுனியே இருக்காது. நூறு ஸ்லைடு போட்ட பிறகுதான் கை பழகும், யாருக்கும் இதில் குறுக்கு வழி கிடையாது.

பிறகு லீஷ்மன் ஸ்டெயின். ஒன்றிரண்டு நிமிஷம் அப்படியே, அதற்கு மேல் இரண்டு பங்கு பஃபர் தண்ணீர் சேர்த்து ஏழெட்டு நிமிஷம். பஃபரின் பி.ஹெச். 6.8 பக்கம் இருக்க வேண்டும். கழுவிக் காயவைத்துப் பார்த்தால் வெள்ளையணுவின் கரு ஊதா நிறத்தில், சிவப்பணு இளஞ்சிவப்பில், ஈசினோபில் ஆரஞ்சு மணிகளோடு. முதல் தடவை ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில், ஆயிரம் மடங்கு பெரிதாக இதைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் போனை மறந்துவிடுவீர்கள், அது மட்டும் உறுதி.

நம்ம ஊருக்கு இங்கே ஒரு தனிப் பிரச்னை: மூட்டம். ஜூன், ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் மழை கொட்டும்போது காற்றே ஈரமாக இருக்கும். ஸ்லைடு மெதுவாகக் காய்ந்தாலோ, மெத்தனால் பாட்டில் மூடாமல் இருந்து ஈரம் இழுத்துவிட்டாலோ, சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று ஓட்டை ஓட்டையாகத் தெரியும். புதியவர் அதை ஏதோ நோய் என்றோ, மலேரியா கிருமி என்றோகூட நினைக்கலாம். ஃபேன் காற்றில் சட்டென்று காயவைப்பது, மெத்தனாலைச் சின்ன பாட்டிலில் இறுக மூடி வைப்பது எல்லாம் மலையில் வேலை செய்பவருக்கு அவசியப் பழக்கம்.

இன்னொன்று உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இந்த உயரத்தில் வாழ்பவர்களுக்கு உடம்பு கூடுதலாக ஹீமோகுளோபின் தயாரிக்கும். அதனால் உயரத்துக்கு ஏற்ப கணக்கைச் சரிசெய்து ரத்தசோகையை முடிவு செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 மீட்டருக்கு மேல் இந்த வித்தியாசம் முக்கால் கிராமைத் தாண்டுகிறது. மேட்டுப்பாளையத்தில் 'நார்மல்' என்று சொல்லும் 12 கிராம், ஊட்டிப் பெண்ணுக்கு லேசான ரத்தசோகையாக இருக்கலாம். மலையில் வேலை பார்க்கும் லேப்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எங்கே எப்படிச் சேருவது?

மூன்று படிகள் இருக்கின்றன. ஓராண்டு சான்றிதழ் படிப்பு, இரண்டாண்டு டி.எம்.எல்.டி. டிப்ளமோ, பி.எஸ்சி. எம்.எல்.டி. பட்டப்படிப்பு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி-யில் மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். ப்ளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சேர்க்கை ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில். அரசு இடங்களுக்குச் சென்னையில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும். ரிசல்ட் வந்த கையோடு அந்த இணையதளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்காமல் கடைசித் தேதியைத் தவறவிடுபவர்கள் உண்டு, கூடவே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வாங்கவும் நாள் ஆகும்.

ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அதன் புதிய மருத்துவமனையும் திறக்கப்பட்டது. எந்தெந்தப் பாராமெடிக்கல் படிப்பு எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பதை அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டில் பார்த்து, ஊட்டியையும் கோவையையும் சேர்த்தே விருப்பப் பட்டியலில் போடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பழங்குடி, பட்டியலின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தனி.

இப்போது கொஞ்சம் கறாராகப் பேசணும். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'ஆறே மாதத்தில் டி.எம்.எல்.டி., 100% வேலை' என்று போஸ்டர் பார்த்திருப்பீர்கள். மாடியில் இரண்டு அறை, ஒரு பழைய மைக்ராஸ்கோப், சுவரில் ஒரு சார்ட். இப்படிப்பட்ட இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் நிறைய பேருக்கு விஷயம் தெரியவருகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. லேப் டெக்னீஷியன் வேலைக்கு அறிவிப்பு விடும்போது, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் படித்த சான்றிதழைத்தான் கேட்கும். நாடாளுமன்றம் 2021-ல் நிறைவேற்றிய தேசிய இணை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டமும் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது: டிப்ளமோ தரத்துக்கு 2,000 மணி நேரம், பட்டத் தரத்துக்கு 3,600 மணி நேரம். ஆறு மாதத்தில் 2,000 மணி நேரம் எப்படி வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

'படிச்சு முடிச்சு சொந்தமா லேப் வெச்சிடுவேன்' என்பவர்களுக்கும் ஒரு தகவல். ரிப்போர்ட்டில் கையெழுத்திட பதிவுபெற்ற, பேத்தாலஜியில் மேல்படிப்பு முடித்த டாக்டர் வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லேப் வைக்கலாம், ஆனால் பேத்தாலஜிஸ்ட் இல்லாமல் முடியாது.

செல்லை மட்டுமே பார்க்கும் படிப்பு

பொதுவான லேப் படிப்புக்கு மேலே, செல்களிலேயே ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு சைட்டோடெக்னாலஜி இருக்கிறது. கழுத்தில் ஒரு கட்டி, மார்பில் ஒரு கட்டி என்று வருபவருக்கு மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி., கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர், நுரையீரல் நீர், சிறுநீர் எல்லாம் இதில் வரும். பாப் ஸ்மியர் என்ற பெயர் கிரேக்கத்தில் பிறந்த டாக்டர் ஜார்ஜ் பாபனிகோலாவின் பெயரிலிருந்து வந்தது. இதைப் பற்றி 1928-லேயே சொன்னார், டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்டது 1940-களில்தான்.

இங்கே சைட்டோடெக்னாலஜிஸ்ட் என்ன செய்வார்? ஒரு ஸ்லைடில் இருக்கும் ஆயிரக்கணக்கான செல்களை வயல் உழுவது மாதிரி வரிசை வரிசையாகப் பார்த்து, சந்தேகப்படும் இடத்தில் மையால் புள்ளி வைத்து பேத்தாலஜிஸ்ட்டிடம் கொடுப்பார். கரு பெரிதாக, கறுத்து, ஓரம் கோணலாக இருக்கிறதா? இதுதான் முதலில் கண் தேடுவது. கண் களைத்தால் கேன்சர் செல் தப்பித்துவிடும். அமெரிக்காவில் 1980-களில் சில லேப்கள் ஆட்களை அவசரப்படுத்தி அளவுக்கு மீறிய ஸ்லைடுகளைப் பார்க்கவைத்ததும், பல பெண்களின் புற்றுநோய் தவறவிடப்பட்டதும் வெளிவந்து பெரிய சர்ச்சையானது. 1988-ல் சட்டமே போட்டார்கள்: ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. வேலையில் சேர்ந்த பிறகு 'இன்னும் பத்து பாத்துடுப்பா' என்று யாராவது சொன்னால் இந்த எண் ஞாபகம் இருக்கட்டும்.

இந்தியாவில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலும் சில மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்குப் பயிற்சி உண்டு. இந்தியன் அகாடமி ஆஃப் சைட்டாலஜிஸ்ட்ஸ் அமைப்பு தகுதித் தேர்வும் நடத்துகிறது. ஆனால் பாப் ஸ்மியரை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. உலகம் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. எஃப்.என்.ஏ.சி., ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் பரிசோதனை என்று கூட ஒன்றைக் கற்றுவைத்திருப்பவருக்குத்தான் நாளைக்கும் வேலை.

ஆராய்ச்சி ஆசை இருந்தால், அதற்கான அடையாளம் குன்னூரிலேயே இருக்கிறது. சிம்ஸ் பூங்கா பக்கத்தில் 1907-லிருந்து இயங்கும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். நாய்க்கடித் தடுப்பூசியை ஒரு காலத்தில் ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்தார்கள். பிறகு லேபில் வளர்க்கும் வீரோ செல்களுக்கு மாறினார்கள். செல்லைப் பார்ப்பது ஒரு தொழில் என்றால், செல்லை வளர்ப்பது இன்னொன்று. அதற்கு மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜியில் எம்.எஸ்சி. வரை போக வேண்டியிருக்கும்.

மெஷின் வந்தாச்சே, ஆள் எதுக்கு?

எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு நிமிஷத்தில் முழு ரத்த எண்ணிக்கையைத் துப்பும் அனலைசர் இப்போது சின்ன ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. டெங்கு சீஸனில் ஒரு ரிப்போர்ட்: பிளேட்லெட் 25,000. வீடே பதறுகிறது. ஸ்லைடு போட்டுப் பார்த்தால், நுனியில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடக்கின்றன. டியூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தால் சிலருக்கு அப்படி ஒட்டிக்கொள்ளும், மெஷின் அதைப் பிளேட்லெட்டாக எண்ணாது. சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்தால் எண்ணிக்கை நார்மல். மெஷின் சந்தேகக் கொடியைக் காட்டும்போது ஸ்லைடு போட்டுப் பார்க்கத் தோன்றுகிறதே, அதற்குத்தான் சம்பளம்.

சம்பளம் என்றதும்... தனியார் லேபில் ஆரம்பச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. நைட் ஷிஃப்ட் உண்டு. கழுத்து வலி, கண் எரிச்சல் உண்டு. ஊசி குத்திக்கொள்ளும் அபாயம் இருப்பதால் சேர்ந்ததும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று டோஸையும் போட்டுக்கொள்ளுங்கள். நிறம் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உள்ளவர்கள் சேர்வதற்கு முன்பே கண் டாக்டரிடம் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது, ஸ்டெயின் முழுக்க நிறத்தை நம்பிய வேலை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் நாலு கேள்வி கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த இயக்ககத்தின் அங்கீகாரம், அந்த ஆணையின் நகலைக் காட்ட முடியுமா? ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை மாணவர்கள்? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், தினமும் எத்தனை சாம்பிள் வரும்? இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைபெண்ட் உண்டா? முடிந்தால் கடைசி வருட மாணவர் ஒருவரை கேன்டீனில் பிடித்து, 'அக்கா, இதுவரைக்கும் எத்தனை ஸ்மியர் போட்டிருக்கீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். எண்ண முடியாத அளவுக்கு என்று சிரித்தால் ஃபீஸ் கட்டலாம். யோசித்து விரல்விட்டு எண்ணினால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறுங்கள்.